புதிய பதிப்பு வந்துள்ளது, ரோலண்டை அழைக்கவும்

எங்கள் மென்பொருளை மூன்று வழியாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் வலைத்தளத்திலிருந்து இறக்கலாம். கம்ப்யூட்டரோடு கூடவே வரும் ஆப் ஸ்டோரிலிருந்து எடுக்கலாம். இரண்டும் தோதுப்படாது என்றால் ரோலண்ட் பெண்டிரைவோடு வீட்டுக்கே வருவார். ரோலண்ட் என் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்துவிட்டதாக யாரும் பேசக் கூடாது.

மென்பொருளின் பெயர் 'கதகதப்பு'. கோழிக்குஞ்சு பொரிக்கிறவர்களுக்கானது. இன்குபேட்டரில் முட்டைக்கு எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறினாலோ இறங்கினாலோ, கரண்ட் போனாலோ, பேட்டரியிலும் ஓடும் அந்தக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் சிம்மிலிருந்து முதலாளியின் போனுக்கு அழைப்பு போகும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் முட்டைக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் செத்துப்போகும். அதை எழுதியவள் பிரவீனா. கம்பெனி தேனப்பனுடையது, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருக்கிறது. வாடிக்கையாளர் கூப்பிட்டால் போனை எடுப்பவள் நான், கெர்ட்ரூட், வயது ஐம்பத்தாறு. கீழே பல் பிடுங்குகிறவர் என்னைவிடச் சாந்தமாகப் பேசுவார் என்று தேனப்பன் ஒருமுறை சொன்னார். நான் மறுக்கவில்லை.

புதிய பதிப்பு வந்தால் திரையில் ஓர் அறிவிப்பு எழும்ப வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அறிவிப்பைக் காட்ட முடியாது. ஸ்டோரிலிருந்து எடுத்தவர்களுக்கு ஸ்டோரே ஓசைப்படாமல் புதுப்பித்துவிடும். அவர்களுக்கும் அறிவிப்பு காட்டினால், எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டு என் உயிரை எடுப்பார்கள். வலைத்தளத்தில் இறக்கியவர்களுக்கு அமுக்க ஒரு பொத்தான் வேண்டும். ரோலண்டின் ஆட்களுக்கு, அதாவது அவர் பெண்டிரைவில் போட்டுக்கொடுத்தவர்களுக்கு, பொத்தான் இருந்தும் பிரயோசனம் இல்லை. அவர்கள் யோங் பெங் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருப்பவர்கள். செருகியிருக்கும் சிம்மில் ஓர் அழைப்பு போகும், ஒரு வரிச் செய்தி போகும், அவ்வளவு பெரிய கோப்பு வந்து இறங்காது.

அதனால் பிரவீனா ஓர் ஏற்பாடு செய்தாள். மென்பொருளைப் போடும்போதே, எந்த வழியாக வந்தது என்று ஒரு சின்னக் கோப்பில் ஒரே ஒரு சொல் எழுதப்பட்டுவிடும்: ஸ்டோர், வலை, முகவர். ஸ்டோர் என்று இருந்தால் மென்பொருள் வாயே திறக்காது. வலை என்றால் பொத்தானைக் காட்டும். முகவர் என்றால் 'புதிய பதிப்பு வந்துள்ளது, ரோலண்டை அழைக்கவும்' என்று சொல்லி என் கணவரின் நம்பரைக் காட்டும். கெட்டிக்காரத்தனமான வேலை. நான் வாய் விட்டுப் பாராட்டினேன். எனக்கு அந்த வழக்கம் இல்லை என்பதால் பிரவீனா, எதுவும் கோளாறா என்று கேட்டாள்.

ரோலண்டின் ஆட்கள் மொத்தம் பத்தொன்பது பேர். வாரத்தில் ஆறு நாள் கம்ப்யூட்டர் பக்கமே தலைவைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துணியை எடுத்து அதன்மேல் படிந்த தவிட்டுத் தூசியைத் துடைப்பார்கள். துடைக்கும்போது அறிவிப்பு கண்ணில் படும். பட்டதும் ரோலண்டைக் கூப்பிடுவார்கள். நாங்கள் அப்போது மாதா கோயிலில் பூசையில் இருப்போம். ரோலண்டின் போன் மணியோ சேவல் கூவுவது. கோழிக்காரர்கள் கூப்பிட்டால் அடையாளம் தெரிய வேண்டும் என்று அவரே தேடிப் பிடித்து வைத்தது.

இந்த வருடம் குருத்து ஞாயிறு அன்று, ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் நீண்ட வாசகத்தில், சீடர் அவரைத் தெரியாது என்றதும் சேவல் கூவ வேண்டிய இடத்துக்கு இரண்டு வரி முன்னாலேயே அது கூவிவிட்டது. பாடகர் குழுவில் ஒரு பையன் சிரித்தான், பிறகு பாடகர் குழு சிரித்தது. சாமியார் கண்ணாடியைக் கழற்றி எங்கள் வரிசையைப் பார்த்தார். என் மானமே போய்விட்டது.

காரில் ஏறியதும் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னொரு ஞாயித்துக்கிழம அந்தச் சேவல் கூவுச்சின்னா நீங்க உலு திராம்ல கோயிலுக்குப் போங்க, நான் இங்க போறேன். சேந்து வர மாட்டேன்."

ரோலண்ட் சரி என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது, அவர் சரி என்று சொல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு சேவல் கூவவில்லை. ஆறு மாதம் நிம்மதியாகப் பூசை கண்டேன். போனைச் சத்தமில்லாமல் வைக்கக் கடைசியில் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை பிரவீனா தன் மேசையிலிருந்து எழுந்து வந்து தேனப்பனின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். வழக்கமாகத் தட்டாமல் திறப்பவள் நான்தான் என்பதால் நானும் பின்னாலேயே போனேன். பழைய பதிப்பில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்திருந்தாள். மென்பொருள் வெளியான முதல்நாள் தொடங்கி நொடிகளை எண்ணிக்கொண்டே வருகிறதாம். எண்ணுவதற்கு அவள் ஒதுக்கிய இடம் மறுநாள் வியாழன் மதியம் பன்னிரண்டு ஏழுக்கு நிரம்பிவிடும். அதன் பிறகு, எந்த அலாரம் வந்தாலும் ஏற்கெனவே அடித்து முடித்தாயிற்று என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். போன் மட்டும் அடிக்காது.

ஜூலையில் வந்த பதிப்பில் அந்த இடத்தை வேறு எதற்காகவோ மாற்றி எழுதியிருந்தாள், அதனால் அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்கள் எத்தனை பேர் என்று தேனப்பன் கேட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தினம் ஒரு வரி எங்களுக்கு அனுப்பும்: எந்தப் பதிப்பு, எந்தச் சொல். பிரவீனா பட்டியலைத் திறந்தாள். வலை என்று இருந்த எல்லோரும் ஜூலைப் பதிப்பில் இருந்தார்கள். முகவர் என்று ஒருவர்கூட இல்லை. ஸ்டோர் என்று நாற்பத்தொரு பேர், அதில் பத்தொன்பது பேரிடம் பழைய பதிப்பு.

ரோலண்டின் ஆட்கள் முன்னேறி ஸ்டோருக்கு மாறிவிட்டார்கள் போல என்று தேனப்பன் சந்தோஷப்பட்டார். ஆனால் ஸ்டோரின் கணக்குப்படி எங்கள் மென்பொருளை எடுத்தவர்கள் இருபத்திரண்டே பேர். மீதி எத்தனை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நின்று என் கணவரைக் கூப்பிட்டேன்.

"உங்க ஆளுங்க கம்ப்யூட்டர்ல ஸ்டோர்னு யாருங்க எழுதினா?"

"நாந்தான்" என்றார்.

"ஏன்?"

"நீதானே சேவல் கூவக் கூடாதுன்ன."

நடந்தது இதுதான். ஈஸ்டர் முடிந்ததும் அவர் ஒரு சுற்று போயிருக்கிறார். பத்தொன்பது கம்ப்யூட்டரிலும் அந்தக் கோப்பைத் திறந்து, முகவர் என்ற சொல்லை அழித்துவிட்டு ஸ்டோர் என்று எழுதியிருக்கிறார். போனைச் சத்தமில்லாமல் வைத்தால் போதாதா என்று கேட்டேன். கூப்பிடுகிறவர்கள் பாவம், கூப்பிட்டு எடுக்காமல் இருக்கத் தனக்கு மனசு வராது என்றார். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்று யோசித்திருக்கிறார்.

சரி, ஜூலையில் புதிய பதிப்பு வந்தபோது தானாகவே போயிருக்கலாமே என்றால், அவருக்கு அது வந்ததே தெரியாது. அவரை யாராவது கூப்பிட்டால்தான் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆபீஸில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு இருக்கும் ஒரே முகவர் என் கணவர், நான் வீட்டில் சொல்லியிருப்பேன் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

அவர்மேல் வந்த கோபம் பாதியிலேயே என் பக்கம் திரும்பிவிட்டது. தேனப்பன் முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

இங்கிருந்து இப்போது ஓர் அறிவிப்பை அனுப்ப முடியாதா என்று நான் கேட்டதற்கு, முடியாது என்றாள் பிரவீனா. அந்தக் கம்ப்யூட்டர்கள் தங்களிடம் இருக்கும் சொல்லைத்தான் நம்பும். ஸ்டோர் என்று இருக்கும்வரை நாங்கள் என்ன கத்தினாலும் திரையில் ஒன்றும் வராது. இதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்தாள்.

நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ரோலண்ட் ஒரு கார், பிரவீனா ஒரு கார், தேனப்பன் ஒரு கார் என்று பெண்டிரைவோடு கிளம்பினார்கள். தேனப்பன் வெள்ளைச் சட்டையோடு ஐந்து பண்ணைக்குப் போய்விட்டு வந்தார். சட்டையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அன்று இருட்டுவதற்குள் பதினெட்டு பேருக்குப் போட்டாயிற்று. மிச்சம் ஷாமளா ஒருத்திதான்.

ஷாமளா யோங் பெங்கில் தனியாக இன்குபேட்டர் ஓட்டுகிறாள். அவள் கணவன் கனகராஜ் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான், வாரம் ஒருமுறை வருவான். இத்தனை நாள் நூறும் இருநூறுமாகப் பொரித்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு பெரிய பண்ணை ஐயாயிரம் முட்டை கொடுத்துப் பார்க்கலாம் என்று வந்தது. இது நன்றாகப் பொரிந்தால் வருடம் முழுக்க அவளுக்கே வேலை, கனகராஜ் சிங்கப்பூரை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடலாம். பொரியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் கனகராஜ்தான். சாயங்காலம் வேலை முடிந்து அவன் போனை எடுத்தபோது, குஞ்சுகள் வெள்ளிக்கிழமை வெளியே வரும் என்றும் சொன்னான். ஆனால் அவனாலும் அவளைப் பிடிக்க முடியாதாம். "முட்ட வச்சிட்டான்னா அலாரம் நம்பரத் தவிர எதுவும் அடிக்காத மாதிரி போன வச்சிடுவா ஆன்ட்டி. நான் கூப்பிட்டாக்கூட அடிக்காது" என்றான்.

எல்லாவற்றையும் வாயடைத்துவிட்டு ஒரே ஒரு மணிக்கு மட்டும் காது வைத்திருக்கிறாள். அந்த மணிதான் மறுநாள் மதியத்தோடு ஊமையாகப் போகிறது. கனகராஜும் நானும் போட்ட செய்திகள் பார்க்கப்படாமலேயே கிடந்தன. ரோலண்ட் புதன் சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், கேட்டில் பூட்டு தொங்கியது.

வியாழன் காலை எட்டு மணிக்கு ரோலண்டோடு நானும் கிளம்பினேன். நீ எதுக்கு என்றார். நான்தானே ஆரம்பிச்சேன் என்றேன். கூலாய் ஊரைத் தாண்டியதும் ஒரு லாரி கவிழ்ந்து வழியை மறித்துக் கிடந்தது. ஷாமளாவின் கேட்டுக்கு முன்னால் போய் நின்றபோது மணி பதினொன்று பத்து. பூட்டு அப்படியே இருந்தது. ஹார்ன் அடித்தோம், நாய் வந்து குரைத்தது. போன் செய்தேன், அது எங்கேயோ சத்தமில்லாமல் கிடந்தது. கேட்டிலிருந்து பத்தடி தள்ளி இன்குபேட்டர் இருக்கும் தகரக் கொட்டகை, உள்ளே விசிறி ஓடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

ரோலண்ட் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்ச் அதில்தான் இருந்தது.

"கரண்ட நிறுத்தினா அலாரம் அடிக்கும்" என்றார். "அவ வருவா."

முட்டை என்னாகும் என்று கேட்டேன். இந்த நாளில் குஞ்சுக்குச் சொந்தச் சூடு இருக்கும், இருபது நிமிடம் தாங்கும் என்றார். வேறு வழி எனக்கும் தெரியவில்லை. பதினொன்று இருபதுக்கு அவர் சுவிட்சை இறக்கினார்.

விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. நாயும் குரைப்பதை நிறுத்தியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கொட்டகைக்குள்ளிருந்து கீச்கீச் என்று, முதலில் லேசாக, பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும். ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பதினான்கு வருடமாகக் குஞ்சுக்காரர்களின் போனை எடுக்கிறேன், ஒரு பண்ணைக்கும் போனதில்லை.

ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. அலாரம் போயிற்றா, அவள் எங்கே இருக்கிறாள், வருகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது நிமிடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. அலாரம்தான் போயிருக்குமே, இனி சுவிட்சைப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். ரோலண்ட் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டா, கரண்ட் வந்திடுச்சின்னு அவளுக்கு உடனே மெசேஜ் போயிடும். அவ வர மாட்டா. கைய எடு கெர்ட்ரூட்."

முப்பது வருடத்தில் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பிடியையும் விடவில்லை. நான் கையை எடுத்தேன். அந்தக் கீச்கீச் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்று ஜெபமாலையை முணுமுணுத்துப் பார்த்தேன், அதற்கு மேலும் கேட்டது. பதினைந்து நிமிடம் ஆனபோது ரோலண்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அழுதேன் என்று அவர் வெளியே சொன்னால் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு வெள்ளைக் கார் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஷாமளா இறங்கினாள். கையில் கண்மைப் பென்சில் இருந்தது. டவுனில் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போனவள், பெண்ணை ஒரு கண்ணுக்கு மட்டும் மையோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்களையும் திறந்து கிடந்த மீட்டர் பெட்டியையும் பார்த்தாள். எங்களைத் தள்ளிவிட்டுத் தன் கையால் சுவிட்சைப் போட்டாள், கேட்டைத் திறந்து ஓடினாள். விசிறி கிளம்பியது. இன்குபேட்டரின் எண்கள் மெதுவாக மேலே ஏறும்வரை அவள் அதைவிட்டு நகரவில்லை. சூடு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கவில்லை.

ரோலண்ட் பெண்டிரைவைச் செருகிவிட்டு விஷயத்தைச் சொன்னார். பன்னிரண்டு ஏழு என்றதும் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பத்தாறு. புதிய பதிப்பு ஏறி முடிய பன்னிரண்டு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் தன் போனில் வந்து குவிந்திருந்தவற்றைப் படித்தாள். என் பெயரில் மட்டும் முப்பத்தொரு அழைப்பு இருந்தது.

"ஏன் அங்கிள், நோட்டீஸ் வரும்லா. ஆறு மாசமா எனக்கு ஒண்ணுகூட வரலையே."

"அது என் தப்பும்மா" என்று ரோலண்ட் ஆரம்பித்தார்.

நான் விடவில்லை. "அவர் தப்பு இல்ல. ஞாயித்துக்கிழம போன் அடிக்குதுன்னு நான்தான் சண்ட போட்டேன். எனக்குப் பயந்துகிட்டு உங்க எல்லாருக்கும் நோட்டீஸ நிறுத்திட்டாரு."

ஷாமளா என்னைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்துவது எனக்குத் தெரிந்த விஷயம், தாங்கிக்கொள்வேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன்.

பன்னிரண்டு ஏழு வந்தது, போனது. திரை பச்சையாக இருந்தது. ஆனால் பழைய பதிப்பாக இருந்தாலும் பச்சையாகத்தான் இருந்திருக்கும், அது எங்கள் மூவருக்கும் தெரியும். சரியாகிவிட்டது என்று ரோலண்ட் இரண்டு முறை சொன்னார். ஷாமளா வெளியே போனாள். மீட்டர் பெட்டியைத் திறந்து, தானே சுவிட்சை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

விசிறி நின்றது. மறுபடியும் அந்தக் கீச்கீச் சத்தம், இந்த முறை பக்கத்திலேயே. அவள் போனை இன்குபேட்டரின் மேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். கரண்ட் போய் ஒரு நிமிடம் கழித்துத்தான் அழைப்பு போகும், பிரவீனா அப்படித்தான் வைத்திருந்தாள். ரோலண்ட் உதட்டுக்குள் நொடிகளை எண்ணினார். நாற்பது. ஐம்பது. அறுபதுக்கு மேலும் எண்ணினார். அறுபத்துமூன்று என்றபோது பக்கத்தில் இருந்த தீவன மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

போன் அடித்தது.

ரோலண்ட் கரண்டைப் போட ஓடப் பார்த்தார். ஷாமளா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். போனை எடுக்கவில்லை, கண்ணீரையும் துடைக்கவில்லை.

"அடிக்கட்டும் அங்கிள்" என்றாள். "கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."

அது அடித்து ஓயும்வரை மூன்று பேரும் நின்று கேட்டோம்.